செயல் இயக்குநர் என்ன வேலை செய்கிறார்?

இந்த மாலையைச் சித்த அக்கட்டால நகத்திக்கறனுங்க. உங்க சட்டை மேல தண்ணி சொட்டுது. பூக்காரம்மா வாளியில முக்கி எடுத்து அப்படியே கையில குடுத்துருச்சு. அவசரத்துல நானும் உதறாம வாங்கிட்டு வந்துட்டேன்.

என்னங்க பாக்கறீங்க? கோட்டையா? பாருங்க பாருங்க, தப்பில்ல. கோட்டும் டையும் மாட்டிக்கிட்டு, மடியில சம்பங்கி மாலையை வச்சுக்கிட்டு, பஸ்ல வேர்த்து வடிய உக்காந்திருந்தா யாருக்குந்தான் சிரிப்பு வரும். கண்டக்டரே டிக்கெட் கிழிக்கறப்ப "எந்த மண்டபமுங்க?"ன்னு கேட்டான். மண்டபம் இல்ல சாமி, எழவுன்னேன். மூஞ்சி செத்துப் போச்சு பாவம்.

மூலனூருங்க. நீங்க? தாராபுரமா? இந்தப் பஸ்ஸு வெள்ளகோவில், மூலனூர் சுத்தித்தான் தாராபுரம் போகும், அதனால எனக்கு அப்பறந்தான் நீங்க இறங்கோணும். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போலாம்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. சொல்றனுங்க. காங்கேயத்துல பொன்னேர் மாட்டுத் தீவனம்னு கம்பெனி. மஞ்ச மூட்டை, அதுல செவலை மாடு படம். அந்தக் கம்பெனிக்குச் செயல் இயக்குநர் நான். பேரு சென்னியப்பன். கார்டு வேணுங்களா? கோட்டுப் பாக்கெட்டுல இருக்குது, மாலை இருக்கறதால எடுக்க முடியல.

செயல் இயக்குநர் எதுக்குங்க பஸ்ல போறாருன்னு நினைக்கறீங்க. நினைக்கோணும். நானே நினைச்சேன். கார் இருந்துச்சு, போச்சு. சம்பளம் இருந்துச்சு, அதுவும் முக்காவாசி போச்சு. ஏன் போச்சுங்கறீங்க? நான் வாங்கற சம்பளம் நியாயமில்லையாமா. யாரோ வேண்டாதவன் டீக்கடையில சொல்லல. கவர்மெண்டே எழுதிக் குடுத்துருக்குது, சீல் வச்சு. இந்தியாவுல எத்தனையோ பேரு சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறாங்க, அவங்களுக்கெல்லாம் சீல் வச்சுக் குடுத்தாங்களா? எனக்குக் குடுத்தாங்க.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன். கம்பெனி எங்க மச்சானுது. நாச்சிமுத்துன்னு பேரு, எங்க அக்கா சரசுவைக் கட்டினவரு. அரவை மில்லு நிக்கற இடம் எங்க அப்பன் அக்காவுக்குக் குடுத்தது. கம்பெனி தொடங்குனப்பவே மச்சான் சொல்லிட்டாரு, "மாப்பிள்ளை, நான் நிர்வாக இயக்குநர், நீங்க செயல் இயக்குநர். எனக்கு என்ன சம்பளமோ அதே உங்களுக்கும்." ஏறி ஏறிக் கடைசியில மாசம் மூணு லட்சம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சத்தமாச் சொல்லல, மனசுக்குள்ள சொன்னேன்.

இடத்துக்காகக் குடுத்தாருன்னு ஊருல பேசுவாங்க. அப்படி இல்லீங்க. என்ற மூளைக்குக் குடுத்தாரு. எத்தனை ஐடியா குடுத்திருக்கேன் தெரியுங்களா? தீவனத்துல மாம்பழ வாசனை சேக்கலாம்னு சொன்னவன் நான்தான். சேத்தாங்க. மாடுக எப்படித் தின்னுச்சுங்கறீங்க! தீவனத்தைத் தின்னு முடிச்சு மூட்டையையும் சேத்துத் தின்னுருச்சுக. வெள்ளகோவில் பக்கம் நாலு மாட்டுக்கு வயிறு ஊதிக்கிச்சு, டாக்டர் செலவு கம்பெனி தலையில. உடனே அதை நிறுத்திட்டாங்க. ஒரு ஐடியான்னா நாலு மாட்டைப் பாத்து முடிவு பண்ணலாங்களா? அப்பறம் வாஸ்துப்படி மேனேஜர் மேசையைத் திருப்பிப் போட்டது நான். அவரு இன்னிக்கும் செவுத்தைப் பாத்துட்டுத்தான் கணக்கெழுதறாரு. லாபம் வந்துச்சே.

இப்படிப் போயிட்டிருக்கறப்ப இன்கம்டாக்ஸ்ல இருந்து கடுதாசி வந்துச்சு. ஆடிட்டர் பத்ரி ஓடி வந்தாரு. நல்ல மனுசன், கொஞ்சம் பதறுவாரு. அவரு வெளக்கமாச் சொன்னாரு. ஒரு கம்பெனி சொந்தக்காரனுக்குச் சம்பளம் குடுத்தா, அந்த வேலைக்கு ஒரு வெளியாளுக்கு என்ன குடுப்பாங்களோ அந்த அளவுக்குத்தான் செலவுன்னு ஒத்துக்குவாங்களாமா. அதுக்கு மேல குடுத்தா அது பாசத்துல குடுத்தது. பாசத்துக்குக் கம்பெனி வரி கட்டோணும். அந்தச் சம்பளத்துக்கு நான் ஏற்கனவே வரி கட்டியாச்சுங்க. கட்டினதுக்கு மேல கட்டுங்கறாங்க. அப்பவும் நான் கலங்கல. நம்ம வேலையைப் பாத்தா மூணு லட்சம் கம்மின்னு சொல்லுவாங்கன்னு நினைச்சுட்டேன்.

ஆடிட்டர் பேனாவை எடுத்துட்டு உக்காந்தாரு. "சார், போன மாசம் நீங்க என்னென்ன பண்ணினீங்க, நடந்தது நடந்தபடி சொல்லுங்க"ன்னாரு. நான் யோசிச்சேன். ஒருநாள் விடியக்காலையில குண்டடத்துல ஒரு எழவு. நம்ம டீலரோட சித்தப்பா. அதுக்கடுத்து சிவன்மலைல இன்னொரு டீலர் வீட்டுக் காதுகுத்து, அவருக்கு மச்சினன் இல்ல, அதனால மடியில கொழந்தையை நான்தான் வச்சுக்கிட்டேன். கன்னிவாடில ஒரு டீலர் பொண்டாட்டிகிட்டச் சண்டை போட்டுக் கடையைச் சாத்திட்டு உக்காந்துட்டான், ரெண்டு பேரையும் பேசிச் சேத்து வச்சேன். இன்னும் ஒண்ணு ரெண்டு எழவு. "அவ்வளவுதானுங்க, மத்த நேரமெல்லாம் ஆபீஸ் வேலைதான்"னேன்.

ஆடிட்டர் பேனாவைக் கீழ வச்சுட்டாரு. "சார், இதுதான் சார் வேலை! இதையே சொல்லுங்க, போதும்"ங்கறாரு. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. மச்சானும் "ஆமாங்க மாப்பிள்ளை, அதையே சொல்லிருங்க"ங்கறாரு. நீங்களே சொல்லுங்க. இருவத்தஞ்சு வருசமா செயல் இயக்குநர்னு பேரு வாங்கினவன், கவர்மெண்ட் ஆபீஸ்ல போயி நான் எழவு வீட்டுக்குப் போறவனுங்க, பந்தியில சாப்படறவனுங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அது வேலையாங்க? அது மனுசனுக்கு மனுசன் பண்றது. பழக்கம். "நான் பேசிக்கறேன், நீங்க கம்முனு வாங்க"ன்னு சொல்லிட்டேன்.

விசாரணைக்கு இதே கோட்டைத்தான் போட்டுட்டுப் போனேன். அக்கா மக கல்யாணத்துக்குத் தெச்சது. ஆபீசர் ஒரு அம்மா. பியூலான்னு பேரு, திருநெல்வேலிப் பக்கம். வயசு கம்மிதான். எடுத்தெறிஞ்சு பேசல, உக்காருங்க சார்னு சொல்லித் தண்ணி குடுத்துட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. அதையும் சொல்லோணுமில்ல.

"காலையில ஆபீஸுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க சார்?"

"விஷன் பாப்பனுங்க."

"எதைப் பாப்பீங்க?"

"விஷனுங்க மேடம். கம்பெனி அஞ்சு வருசம் கழிச்சு எப்படி இருக்கோணும்னு யோசிக்கறது."

"எவ்வளவு நேரம்?"

"டீ வர்ற வரைக்குமுங்க."

இதுல என்ன தப்புங்க? ஆடிட்டர் மேசைக்கடியில என்ற காலை மிதிச்சாரு. எதுக்கு மிதிச்சாருன்னு இன்னிவரைக்கும் புரியல. அந்தம்மா மூட்டை என்ன வெலைன்னு கேட்டாங்க. அதெல்லாம் கீழ்மட்டத்துல பாத்துக்குவாங்கன்னேன். வருசத்துக்கு எத்தனை டன் போகுதுன்னு கேட்டாங்க. நல்லாப் போகுதுங்கன்னேன். தவிடு எங்க வாங்கறீங்கன்னாங்க. அதுக்கு ஆள் இருக்குதுன்னேன். எல்லாத்தையும் சிரிக்காம எழுதிக்கிட்டாங்க. கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க. "இதே வேலைக்கு ஒரு வெளியாளா இருந்தா என்ன குடுப்பீங்க?" நானும் விடல. "என்னையாட்டம் வெளியாளு கெடைக்கோணுமில்லீங்க?"ன்னேன்.

அப்பப் பாத்துப் போன் அடிச்சுது. கட் பண்ணினேன், மறுபடி அடிச்சுது. அந்தம்மா, "பரவால்ல சார், பேசிட்டு வாங்க"ன்னுச்சு. எடுத்தா மூலனூர் மயில்சாமி. நம்ம பெரிய டீலருங்க, மூலனூர்ல இருந்து கன்னிவாடி வரைக்கும் அவன் மூட்டைதான். "மாமா, அப்பா போயிட்டாரு"ன்னு அழுகறான்.

எனக்கு எங்க உக்காந்திருக்கறோம்னே மறந்து போச்சு. "எப்படா ஆச்சு? நேத்துக்கூட மோர் குடிச்சாருன்னியே. அம்மா எப்படி இருக்குது, கட்டில்ல படுக்க வச்சியா? அதுக்கு வெறும் வயித்துல மாத்திரை குடுக்காதீங்க, மயக்கம் வந்துரும். தோட்டத்துக் கெழபுறம் பந்தல் போடு, மேக்கால வெயில் அடிக்கும். உன்ற தங்கச்சி மாப்பிள்ளை ஓசூர்ல இருந்து வரோணுமே, அவன் வர்றதுக்குள்ள எடுத்தறாதீங்க, போன தடவையே மனசு கோணிப் போனான். நான் வந்தர்றேன், நான் வர்ற வரைக்கும் எதையும் முடிவு பண்ணாதே"ன்னு சொல்லிப் போனை வச்சுட்டு நிமிந்து பாத்தா, அந்தம்மா பேனாவைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டிருக்குது.

"யார் சார் அது?"

"தெரிஞ்சவங்கதானுங்க."

"உங்க டீலரா?"

"டீலர்தானுங்க. ஆனா இது சும்மா, பழக்கத்துக்குப் போறது. இதுக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். சம்பந்தமே இல்லியா?"

ஆடிட்டர் இந்தத் தடவை மிதிச்ச மிதியில செருப்பு அறுந்து போச்சு. நான் அசரல. "இல்லவே இல்லீங்க மேடம், இது என்ற சொந்த விஷயம், எழுதிக்கங்க"ன்னேன். எழுதிக்கிட்டாங்க.

ஆர்டர் வந்துச்சு. செயல் இயக்குநர் கம்பெனிக்காகச் செய்யற வேலை இன்னதுன்னு தெரியல, டீலர்க வீட்டுக்குப் போறதும் சொந்த விஷயம்னு அவரே சொல்லிட்டாரு, அதனால எங்க மில்லு சூப்பர்வைசருக்கு என்ன சம்பளமோ அது இவருக்கும் போதுமானது. அவனுக்கு அறுபதாயிரம். மீதி பாசக் கணக்கு. காரும் பாசக் கணக்கு. அந்தச் சூப்பர்வைசர் மறுநாள் என்னைப் பாத்துட்டு எந்திரிக்கலாமா வேண்டாமான்னு பாதி எந்திரிச்சு நின்னானுங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல.

வரி கட்டினது கம்பெனி, வெட்டு விழுந்தது எனக்கு. மச்சான் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அப்பீல் போட்டிருக்கறோம், அது முடியற வரைக்கும் இப்படியே இருக்கட்டுங்க மாப்பிள்ளை"ன்னாரு. எனக்கு ரோசம் வந்துருச்சு. சரி, சம்பந்தமில்லாத வேலைதானே, இனி ஒரு வீட்டுக்கும் கம்பெனி பேரைச் சொல்லிப் போக மாட்டேன், ஆபீஸ்ல உக்காந்து விஷன் மட்டும் பாப்பேன்னு சொல்லிட்டேன். போன் வந்தாலும் எடுக்கல. வீம்புக்குன்னே எடுக்கலைன்னு வச்சுக்கங்க.

அந்த இடத்துக்கு மச்சான் மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு. நிகில்னு பேரு. எம்பிஏ. டீலர் குடும்ப உறவு மேம்பாட்டு அதிகாரி. டீலர்க வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகோணும், அவ்வளவுதான் வேலை. சம்பளம் எவ்வளவுங்கறீங்க? மாசம் மூணு லட்சம், கார் தனி. அதுக்கு ஒரு கடுதாசியும் வரல, ஒரு கேள்வியும் வரல. ஏன்னா அவன் வெளியாளு! எவனோ ஒருத்தனுக்கு அள்ளிக் குடுத்தா அது நியாயம், கட்டினவளோட தம்பிக்குக் குடுத்தா அநியாயம். எந்த ஊரு சட்டமுங்க இது?

அவன் என்ன பண்ணினான் கேளுங்க. மயில்சாமி மக வயசுக்கு வந்து தெரட்டிச் சீரு. இவன் போயிருக்கறான், கண்ணாடித் தாளுல சுத்தின பூச்செண்டை எடுத்துட்டு. வெலை ஒட்டின சீட்டைக்கூடப் பிய்க்கல. புள்ளையை நிக்க வச்சுப் போட்டோ எடுத்திருக்கறான். அப்பறம் தாய்மாமன் சீர்த்தட்டு எறக்கிட்டிருக்கறப்ப மயில்சாமியை ஓரமாக் கூட்டிட்டுப் போயி, "சார், போன மாச பாக்கி எப்ப வரும்?"னு கேட்டிருக்கறான். அதையாச்சும் மன்னிச்சுருவாங்க. பந்தியில உக்காராம, டயட்டுன்னு சொல்லிட்டு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமக் கார்ல ஏறிட்டான். கொங்கு நாட்டுல வந்து இப்படிப் பண்ணினா அந்த வீட்டை அவமானப்படுத்தினாப்பலதானே? பொண்டுக எல்லாம் இலை போட்டுட்டு நின்னாங்களாமா.

அடுத்த வாரமே மயில்சாமி வேற கம்பெனி மூட்டையை எறக்கிட்டான். அவனைப் பாத்துக் குண்டடம், அவனைப் பாத்துக் கன்னிவாடி. குடோன்ல மூட்டை மேல மூட்டையா அடுக்கிக் கெடக்குது. எதனாலங்கறீங்க? மாம்பழ வாசனையை நிறுத்தினாங்க பாருங்க, அதனாலதான். நான் அப்பவே சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. அக்காதான் சம்பந்தமில்லாமச் சண்டைக்கு வந்துச்சு. "நீ போகாத வீட்டுல இருந்து ஒரு மூட்டைக்கு ஆர்டர் வருதாடா? ரெண்டு மாசமா மில்லுல பாதி ஆளைத் திருப்பி அனுப்பறோம், உன்ற வீம்புக்கு இன்னும் எத்தனை பேரு வீட்டுல அடுப்பு அணையோணும்?"னு அழுகுது. எனக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா மாம்பழ வாசனைக்கும் நான் போறதுக்கும் என்னங்க சம்பந்தம்?

இருங்க, போன் அடிக்குது. ஆடிட்டர்தான். அடிக்கட்டும். காங்கேயத்துல ஏறினதுல இருந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்கறாரு.

அவரு ஏன் அடிக்கறாருங்கறதைச் சொல்லோணும். நிகிலைப் பாத்தவுடனே ஆடிட்டருக்குத் தீவாளி வந்தாப்பல ஆயிருச்சு. "சார், அப்பீல் ஜெயிச்சுட்டோம்! அதே வேலைக்கு வெளியாளுக்கு மூணு லட்சமும் காரும் குடுக்கறோம். இதைவிட அத்தாட்சி வேணுமா? இத்தனை வருசமா அந்த வேலையைச் செஞ்சது நான்தான்னு நீங்க நேர்ல வந்து சொல்லி, ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க சம்பளம், காரு எல்லாம் திரும்பி வந்துரும்"ங்கறாரு. பேப்பரும் அடிச்சுக் குடுத்துட்டாரு. டீலர்கள் இல்லத்து சுப, துக்க நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வதே என் பணின்னு அதுல எழுதியிருக்குது. பாக்கவே கூசுது. மாட்டேன்னு பத்து நாள் முறைச்சுக்கிட்டேன். அக்கா அழுதுது, மச்சான் சோறு திங்காம உக்காந்தாரு. சரி, வர்றேன், அங்க வந்து பாத்துக்கலாம்னேன்.

எப்ப அப்பீலுங்கறீங்களா? இன்னிக்குத்தானுங்க. கோயமுத்தூர்ல. பதினொன்றரைக்கு.

ஆமாங்க, இந்தப் பஸ் கோயமுத்தூர் போகாது. எனக்கும் தெரியுமுங்க. கோயமுத்தூர் பஸ்ஸுக்குத்தான் காங்கேயம் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தேன். மச்சான்தான் இந்த டையைக் கட்டி விட்டாரு. அப்ப மயில்சாமி போன். ஆறு மாசமா அவன் போனை எடுக்கல நான். இன்னிக்கு என்னமோ எடுத்துட்டேன். "மாமா, அம்மாவும் போயிருச்சு மாமா"ங்கறான்.

ராமாத்தாக்கா. நான் அக்கான்னுதான் கூப்படறது. அது பொறந்த கூட்டமும் நம்ம கூட்டமும் ஒண்ணு, ஒரே குலம், அதனால நான் தம்பி முறை. மயில்சாமி அப்பனைப் பொதைச்ச அன்னிக்கு, ஆபீசர் கிட்டக்க இருந்து நேரா இதே கோட்டோடதான் போனேன். எல்லாம் முடிஞ்சு ராத்திரி கெளம்பறப்ப என்ற கையைப் புடிச்சுக்கிச்சு. "சென்னியா, என்ற கூடப் பொறந்தவனுக ரெண்டு பேரும் எனக்கு முன்னாலயே போயிட்டானுக. பொறந்த வீடுன்னு கதவு தொறக்க ஆளு இல்ல. நாளைக்கு நான் போனா, பொறந்த வீட்டுக் கோடி யாருடா எனக்குப் போத்துவாங்க?"ன்னுச்சு. பொறந்த வீட்டுல இருந்து புதுச்சீலை வந்து மேல போத்தாம எங்க பக்கம் பொம்பளைகளை எடுக்க மாட்டாங்க, உங்களுக்கே தெரியும். "நான் வர்றேங்க்கா, நீ எதுக்கு அதையெல்லாம் இப்பப் பேசறே"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சொன்னது சொன்னதுதானுங்களே. போனை வச்சதும் எதிர்ல ஜவுளிக்கடைல ஏறினேன். இந்தப் பையில இருக்குது பாருங்க, அரக்குக் கலருல மஞ்சக் கரை. அதுக்கு அந்தக் கலருதான் புடிக்கும், மயில்சாமி பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. கடைக்காரன் இன்னும் கொஞ்சம் கம்மியா ஒண்ணு காட்டினான், அது நல்லா இல்ல. மாலையை வாங்கினேன், ரோட்டைத் தாண்டி இந்தப் பஸ்ஸைப் புடிச்சேன். ஆபீசரு நாளைக்கும் அதே நாக்காலிலதான் உக்காந்திருப்பாரு, எழவு நாளைக்கு வரைக்கும் இருக்குங்களா?

மறுபடி அடிக்கறாரு பாருங்க. எடுத்துச் சொல்லிர்றேன், பாவம் அங்க நின்னுட்டிருப்பாரு.

ஆ, சொல்லுங்க சார்... இல்லீங்க சார், நான் வரல... சொந்த விஷயமா மூலனூர் போறேன்... மயில்சாமியோட அம்மா தவறிருச்சு... ஆமா, டீலர்தான்... சார், கத்தாதீங்க, பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க...

வச்சுட்டாரு. என்ன சொல்றாரு தெரியுங்களா? "அதைத்தானய்யா எழுதிக் குடுன்னு கால்ல விழுந்து கேட்டேன்! எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டு, அந்த வேலைக்கே போறேன்னு அப்பீலுக்கு வராம நிக்கறியே!"ங்கறாரு. நீ வா போன்னெல்லாம் பேச மாட்டாரு, மரியாதையான மனுசன். வெயில்ல நின்னதுல சூடு தலைக்கு ஏறிப் போச்சு போல.

நீங்களும் சிரிக்கறீங்க. நீங்களும் அவரு பக்கந்தானா? சரி விடுங்க.

மூலனூர் வந்துருச்சு. ஏனுங்க, இந்த டையைச் சித்த அவுத்து விடறீங்களா? மச்சான் என்ன முடிச்சுப் போட்டாரோ, அவுக்கவே வரமாட்டீங்குது. இப்படியே போனா ராமாத்தாக்கா எந்திரிச்சுச் சிரிக்கும்... ம், வந்துருச்சு, நல்லா இருப்பீங்க. மாலையைப் புடிங்க, கோட்டைக் கழட்டிக்கறேன். எழவு வீட்டுக்கு எதுக்குங்க கோட்டு.

அங்க பாருங்க, ஸ்டாப்புல நிக்கறாங்க. மயில்சாமி தம்பி, அந்தத் தங்கச்சி மாப்பிள்ளை, ஓசூர்க்காரன், அவனும் வந்துட்டான். கேளுங்க, என்ன சத்தம் போடறாங்கன்னு. "மாமா வந்தாச்சு, கோடி வந்தாச்சு, பறையை அடிக்கச் சொல்லுங்க"ன்னு. எத்தனை மணிக்கு எடுக்கறதா இருந்தாங்களோ, வெயில்ல எல்லாரையும் நிறுத்தி வச்சிருக்காங்க. அதுவும் படுத்துட்டுப் பாத்துட்டிருக்கும், தம்பி வருவான்னு.

பையை எடுத்துக் குடுங்க... அது இல்ல, சீலை இருக்கற பை. வர்றனுங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. இதுக்கு ஒரு வெளியாளா இருந்தா என்ன குடுப்பீங்கன்னு அந்தம்மா கேட்டா, நான் என்னன்னுங்க சொல்லுவேன்?